ஒயர் வேண்டும் என்றுதான் கேட்டார்

காதில் மாட்டுகிற சாமான் விற்பவனுக்கு முதல் தண்டனை, கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவன் சொல்வது காதில் விழாது. நகரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஒயர் உள்ள ஹெட்செட் நல்லதா, ஒயர் இல்லாத பட்ஸ் நல்லதா என்று கேட்காத ஆள் இல்லை. என்னைப் போல வாய் வலிக்கப் பேசிப் பிழைக்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும். நான் சொன்ன பதில்களில் ஒன்றை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் கடையையே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

சாமிக்குப் போன காது

வடமாலபேட்டைப் பெரியவர் ஒருவர் வேண்டுதலுக்காக வருஷக்கணக்கில் முடி வளர்த்துத் திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு நேரே கடைக்கு வந்தார். கையில் ஒரே ஒரு பட்ஸ். மற்றது காதில் இருந்ததே அவருக்கு நினைவில்லை. முடி மறைத்திருந்ததால் மழித்த நாவிதருக்கும் தெரியவில்லை. ஒன்றை மட்டும் தனியாக விற்க மாட்டோம் என்றேன்.

“முடியோட சேர்ந்து அது சாமிக்கே போயிடுச்சி நைனா, நானு என்ன திருப்பியா கேக்க முடியும்?” என்றார்.

தறியில் சிக்கிய ஒயர்

முனிரத்தினம் விசைத்தறி செட்டில் வேலை செய்பவர். அந்தச் சத்தத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அதனால் கழிவு நூலை உருண்டையாகச் சுருட்டி முதுகில் எறிவார்கள். அடி பட்டவர் திரும்பிப் பார்ப்பார். அங்கே அதுதான் கூப்பிடும் முறை.

ஒரு நாள் அவருடைய ஹெட்செட் ஒயர் தறியில் மாட்டி இழுத்ததில் காது ஓரம் கிழிந்துவிட்டது. காயத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்து இன்னொரு ஒயர் ஹெட்செட்டே கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. இன்னொரு தரம் மாட்டினால் கழுத்தல்லவா போகும்? ஒயர் இல்லாததை எடுத்து வைத்தேன். அவர் தயங்கினார்.

“ஒயர் தொங்கினாத்தான் எனக்கு காது கேக்கலன்னு மத்தவங்களுக்கு தெரியும்ணா” என்றார்.

அதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிரித்து, பட்ஸையே கட்டிக் கொடுத்தேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே ஒரு பெருமை.

புகார்

அடுத்த மாதம் அவர் மனைவி கஸ்தூரி வந்தாள். அவளுக்கும் அதே செட்டில்தான் வேலை. காதோரம் முடி வளர்ந்துவிட்டதால் பட்ஸ் மாட்டியிருக்கிறாரா இல்லையா என்று தெரிவதில்லையாம். அதை வாங்கிக்கொண்டு ஒயர் உள்ளதைக் கொடுக்கும்படி கேட்டாள். பழகிவிடும், போம்மா என்று அனுப்பிவிட்டேன்.

“முன்னெல்லாம் ஒயர பாத்தா கிட்ட போயி தொடுவேன், இப்ப இவருகிட்ட பேசறனா செவுத்துகிட்ட பேசறனான்னே தெரியலணா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கல்

வேலை முடிந்து வீட்டுக்கு வரத் தறிக்காரர்கள் ரயில் பாதையைக் குறுக்கே தாண்டுவார்கள். சுற்றிப் போனால் தூரம். ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து கஸ்தூரி முன்னால் தாண்டிவிட்டாள். முனிரத்தினம் போனைப் பார்த்தபடியே பின்னால் வந்தார். ரயிலும் வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவள் உடைந்த போனோடு வந்தாள். அதில் இருக்கும் அவருடைய போட்டோவை எடுத்துத் தரவேண்டும், மாட்டி வைக்கவேண்டும் என்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போட்டோவைத் தேடி எடுத்தேன். அதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார், காதில் பட்ஸ் இருந்ததா என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

“கால்கிட்டயே அவ்ளோ கல்லு கெடந்துச்சிணா, ஒயர் தொங்கிக்கினு இருந்தா ஒண்ண எடுத்து அடிச்சி இருப்பேன், வெறுங்காதுன்னு நெனச்சி பேர சொல்லி கூப்ட்டுக்கினே நின்னுட்டேன்” என்றாள்.

இப்போதெல்லாம் ஒயரா, ஒயர் இல்லாததா என்று யாராவது கேட்டால், போகிற வழியில் ரயில் பாதையைத் தாண்டுவீர்களா என்று நான் திருப்பிக் கேட்கிறேன், அவர்களும் இவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.