வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம்

எங்கள் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சி.ஐ.டி. அக்கா என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லித் தேடினால் வாட்ச்மேன்கூட உதட்டைப் பிதுக்குவார். உண்மையில் நான் அக்காவைவிட இரண்டு வயது மூத்தவன். இருந்தும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன், அவரும் என்னைத் தம்பி என்கிறார். இருபது வருஷம் இப்படியே ஓடிவிட்டது. இனிமேல் பிறந்த தேதியை எடுத்து நீட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அக்கா ரத்தம் எடுப்பார், சோதிப்பார். நான் கவுன்டரில் உட்கார்ந்து ரிப்போர்ட் டைப் செய்வேன்.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினால், பாதிப் பேர் எதையாவது வாயில் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். கேட்டால் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை என்பார்கள். அக்கா வாதாடுவதில்லை. குழாயில் எடுத்த ரத்தத்தை மெஷினில் வைத்துச் சுழலவிட்டால் சிவப்பெல்லாம் அடியில் இறங்கிவிடும், மேலே இளமஞ்சளாக நீர் தெளிந்து நிற்கும். வெண்ணெய் தடவிய பன்னை விழுங்கிவிட்டு வந்தவருக்கு அந்த நீர் லேசாகக் கலங்கியிருக்கும். அக்கா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் பிடித்துப் பார்ப்பார். வெளியே வந்து, "எத்தனை பன்னு?" என்று மட்டும் கேட்பார். ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவரே தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டார். அக்காவின் வீட்டுக்காரரும் மகனும் வீட்டில் பொய் சொல்வதையே விட்டுவிட்டதாகக் கேள்வி.

இந்தப் பேர் அக்காவுக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. காலை நேரத்தில் கூட்டம் நெருக்கும்போது யாராவது ஒருவர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டால், வரிசையில் நிற்கிற மற்றவர்களுக்கும் பொழுது போகும்.

அப்படி ஒரு காலையில்தான் அந்த அம்மா வந்தார். சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவர். விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. கணவர் சரக்கு லாரி ஓட்டுபவர், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தால் அதிகம். இடுப்பில் ஐந்து வயதுச் சின்னவள். அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறாளாம். வயிற்றைத் தொட்டுப் பார்த்த குழந்தை டாக்டர், கல்லீரல் வீங்கியிருக்கிறது என்று சொல்லி, வெறும் வயிற்றில் ரத்தக் கொழுப்பு பார்க்கச் சீட்டு எழுதியிருந்தார். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே கொழுப்பைக் கையாளும் சக்தி உடம்பில் இருக்காது. சிலருக்கு அது கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்ச் சேர்ந்துகொள்ளும், சிலருக்கு ரத்தத்திலேயே தேங்கி நிற்கும். டாக்டருக்கு அந்தச் சந்தேகம். சீட்டில் அவர் அதை எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அக்கா குழாயைச் சுழலவிட்டு எடுத்தார். மேலே நின்றது மஞ்சள் நீர் இல்லை, பால். சொட்டுக் கலக்கம் என்றில்லை, சுத்தமான வெள்ளை. அக்கா வெளியே வந்து அந்த அம்மாவிடம் சத்தம் போட்டார். பிள்ளைக்கு வயிறு முட்ட ஊட்டிவிட்டு வந்து நிற்கிறீர்களே, இது என்ன விளையாட்டா என்றார். அந்த அம்மா ராத்திரி ஏழு மணிக்குக் கொடுத்ததுதான் கடைசி என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நான் ரிப்போர்ட்டில் "உணவு உண்ட பின் எடுத்த மாதிரி, மறுபடி வரவும்" என்று அடித்து நீட்டினேன்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார்கள். மறுபடி பால். இந்தத் தடவை அக்கா சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தன் துப்பறியும் மூளையையெல்லாம் செலவழித்து நிதானமாக விசாரித்தார். நீங்கள் விடிவதற்குள் வேலைக்குப் போனால் சின்னவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். பெரியவள், பத்து வயது, அவள்தான் எழுப்பிப் பல் துலக்கித் தலை வாரிவிடுவாள், இரண்டு பேரும் ஒரே பாயில்தான் படுப்பார்கள் என்றார் அந்த அம்மா. அக்கா தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்:

"நீங்க குடுக்கலம்மா, நம்புறேன். உங்களுக்குத் தெரியாம பெரியவ குடுக்கிறா. தங்கச்சி பசின்னு அழுதா மனசு கேக்குமா? போய்ப் பாயைத் தூக்கிப் பாருங்க."

அன்றைக்கு எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. இப்போது அந்த வார்த்தைகளை எழுதும்போது கை கூசுகிறது.

அந்த அம்மா போய்ப் பாயைத் தூக்கிப் பார்த்தார். பிஸ்கட் கவர் ஒன்று கிடைத்தது. பெரியவள் தனக்குப் பசித்தபோது தின்றுவிட்டு ஒளித்துவைத்தது அது. எந்த வீட்டுப் பாய்க்கு அடியில்தான் ஒரு கவர் கிடக்காது? ஆனால் ஆஸ்பத்திரியில் சொன்னபடியே இருந்துவிட்டதே. அடி விழுந்தது. சின்னவள், அக்கா எனக்குத் தரவேயில்லை என்று அழுதாள். அதையும் தன் அக்காளைக் காப்பாற்றவே சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து சாப்பாட்டு அலமாரிக்குப் பூட்டு. சின்னவளை அம்மா தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். காலையில் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து சின்னவளைக் கூட்டிப்போவார். பெரியவள் தானாகப் பள்ளிக்கூடம் போகவேண்டியது. இதெல்லாம் பிறகு எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாம் தடவை வருவதற்குள் சின்னவளை வார்டில் சேர்த்துவிட்டார்கள். வயிற்று வலி தாங்காமல் வாந்தி எடுத்து, கணையம் வீங்கி, ஆள் வெளுத்துப் போயிருந்தாள். வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்றரை நாளாகக் குளுக்கோஸ் பாட்டில்தான். நர்ஸ் நேரம் போட்டு எழுதி வைத்திருந்தார். வார்டிலிருந்து வந்த குழாயைச் சுழலவிட்டு எடுத்த அக்கா, ஜன்னலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அப்போதும் பால்தான்.

"தம்பி, இந்தப் புள்ள ஒன்றரை நாளா ஒண்ணும் சாப்பிடல" என்றார்.

பிறகு அக்கா செய்ததை நான் வேறு யாரும் செய்து பார்த்ததில்லை. கேன்டீனுக்குப் போய் வெண்ணெய் தடவிய பன் இரண்டும், அதற்கு மேல் ஒரு தம்ளர் கொழுப்பெடுக்காத பாலும் வாங்கி உள்ளே தள்ளினார். மூன்று மணி நேரம் காத்திருந்தார். பிறகு கூட வேலை செய்யும் இன்னொரு டெக்னீஷியனிடம் கையை நீட்டித் தன் ரத்தத்தை எடுக்கச் சொன்னார். சுழலவிட்டு எடுத்து, இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அக்காவுடையது பனி படிந்த கண்ணாடி மாதிரி லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். பின்னால் பிடித்த விரல் தெரிந்தது. சின்னவளுடையதில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பன்னுக்கே இதுதான் என்றால், ஒரு பிஸ்கட்டுக்கு இந்த வெள்ளை எங்கிருந்து வரும்? இந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருக்கலாம். இருபது வருஷத்தில் ஆயிரம் கலங்கலைப் பார்த்தவருக்கு, இது கலங்கல் இல்லை என்பது தோன்றாமல் போய்விட்டது. ஆட்கள் பொய் சொல்வார்கள் என்பது மட்டும் தோன்றியது.

சின்னவளின் குழாயை அக்கா குளிர்ப்பெட்டியில் ஆடாமல் அசையாமல் நிற்க வைத்தார். மறுநாள் காலையில் மேலே ஆடை கட்டியிருந்தது, கீழே நீர் தெளிந்துவிட்டது. தின்ற கொழுப்பு உடைபடாமல் அப்படியே ரத்தத்தில் மிதக்கிறது என்பதற்கு அது அடையாளம். குழாயைக் கையிலேயே ஏந்திக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினார். டாக்டர் பார்த்துவிட்டு, இதை முதல் தடவையே ஏன் எனக்குக் காட்டவில்லை என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். பிறகு வார்டுக்குக் கூட்டிப்போய்ச் சின்னவளின் முழங்கையைத் திருப்பிக் காட்டினார்; கடுகு கடுகாக மஞ்சள் புடைப்புகள், முட்டியிலும் இருந்தன. வீட்டில் வியர்க்குரு என்று பவுடர் போட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை அதே கையில் ரப்பர் பட்டை கட்டி ஊசி குத்தியவர் அக்கா.

அன்றைக்கு வார்டிலிருந்து திரும்பி வந்து அக்கா அழுதார். குழந்தைக்காக அழுகிறார் என்று நினைத்து, டாக்டர்தான் கண்டுபிடித்துவிட்டாரே என்று ஆறுதல் சொன்னேன். அதற்கு இல்லை. வார்டு வாசலில் ஒரு பெண் பள்ளிக்கூடப் பையோடு நின்றிருந்ததாம். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டால், அம்மா விடமாட்டார்கள், நான் தங்கச்சி வாயில் எதையாவது வைத்துவிடுவேனாம் என்றதாம்.

மருந்தைவிடச் சாப்பாடுதான் அந்தப் பிள்ளைக்கு வைத்தியம். நாளெல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு கிராம் கொழுப்புக்கு மேல் போகக்கூடாது. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் ஐந்து போய்விடும், ஒரு முட்டை மஞ்சளில் இன்னொரு ஐந்து. நல்ல எண்ணெய், கெட்ட எண்ணெய் என்ற பேச்சே இல்லை. கடலையும் கூடாது, தேங்காயும் கூடாது. ஒரேயடியாக நிறுத்தவும் முடியாது, வளர்கிற பிள்ளை. அதனால் அந்தப் பன்னிரண்டு கிராமையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கவேண்டும். கொழுப்பெடுத்த பால், வேகவைத்த காய், முட்டை வெள்ளை, சோறு, பருப்பு, பழம். ருசிக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த தனி எண்ணெய் கொஞ்சம். அது ரத்தத்தில் தேங்காத வகை. அந்த அம்மா சமையலறையில் ஒரு சின்னத் தராசை வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அளந்தார். காலர் தைக்கிற கையாயிற்றே, நூலளவுகூடப் பிசகவில்லை. மூவாயிரத்துச் சொச்சம் இருந்த கொழுப்பு ஐந்து வாரத்தில் எழுநூறுக்கு இறங்கியது. சின்னவள் வயிற்றைப் பிடிக்காமல் எங்கள் பெஞ்சில் ஏறிக் குதித்தாள். அவளைத் திட்டக்கூட யாருக்கும் மனசு வரவில்லை.

ஆனால் பெரியவள் விஷயம் அப்படியே நின்றது. டாக்டர் நோயை விளக்கியபோது அந்த அம்மாவுக்குப் பாதி புரிந்தது. பிறவிக் கோளாறு என்பது சரி, இவள் திருட்டுத்தனமாகக் கொடுத்ததால்தான் முற்றிவிட்டது என்று தனக்குத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டார். அலமாரிப் பூட்டு போகவில்லை. இப்போது தராசும் வந்துவிட்டதால் காவல் இன்னும் கூடிவிட்டது.

கூடப்பிறந்தவளுக்கும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதால், சின்னவளோடு பெரியவளையும் ரத்தம் கொடுக்கக் கூட்டி வந்தார்கள். அவள் கையை நீட்டிவிட்டு, யாரும் கேட்காமலே, நேற்று ஆறரை மணிக்குச் சாப்பிட்டேன், அதற்கப்புறம் தண்ணீர் மட்டும்தான் என்றாள். குற்றவாளிக் கூண்டில் நின்று பேசுகிற குரல். அக்கா ஊசியை எடுக்கவில்லை. முதலில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு ரிப்போர்ட் அடிங்க. நான் சொல்லச் சொல்ல."

சொன்னார், அடித்தேன். இந்தத் தேதியிலும் இந்தத் தேதியிலும் சின்னவளின் ரத்தத்தைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னது தவறு. குழந்தை சாப்பிடவில்லை. அக்காள் அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் இந்த நோய் அதனால் வந்ததில்லை. தவறு முழுவதும் பரிசோதனைக் கூடத்துடையது. எந்தப் பரிசோதனை என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். என் பேரைப் போடுங்கள் என்றார். போட்டேன். கீழே கையெழுத்துப் போட்டார். மறுபடி வரவும் என்று அடித்தவன் நான்தானே. பக்கத்தில் நானும் ஒன்று போட்டேன்.

பெரியவள் அதை வாங்கி விரல் வைத்துப் படித்தாள். முடித்துவிட்டு அக்காவிடமே திருப்பி நீட்டினாள்.

"நான் குடுத்தா நம்ப மாட்டாங்க. நீங்களே குடுங்க."

அக்கா எழுந்து போனார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் முன்னால், அத்தனை கூட்டத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, தாளைப் படித்துக் காட்டினார். இருபது வருஷமாக மற்றவர்களின் பொய்யை எந்தக் குரலில் சொன்னாரோ, அதே குரல்தான். அந்த அம்மா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு பெரியவளைப் பார்த்தார்.

"ஏண்டி, என்கிட்ட அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேம்மா" என்றாள் அவள். "தினமும் சொன்னேன்."

அந்த அம்மா கையை நீட்டினார். பெரியவள் உடனே வரவில்லை. தங்கை பெஞ்சிலிருந்து இறங்கிப் போய் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்த பிறகுதான், இரண்டடி எடுத்து வைத்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.