சீர்க் கார்

என் அத்தைக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பது அவள் பெற்ற மகன்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை, மீதிப் பேர் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. அவள் ஓட்டிய வண்டியின் பின்சீட்டில் ஒரு மாதம் முழுக்க ஊர் சுற்றியவள் நான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் நாலாம் வகுப்பு. சிங்காநல்லூரில் வீடு. அப்பாவுக்கு மோட்டார் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் சின்ன பவுண்டரி. அவருடைய ஒரே தங்கைதான் அத்தை. எனக்குத் தலை பின்னுவது, சோறு ஊட்டுவது, பக்கத்தில் படுக்கப் போட்டுக்கொள்வது எல்லாம் அவள்தான். காய்ச்சல் வந்தால் மட்டும் நான் அம்மாவைத் தேடுவேன். அந்த அத்தைக்குக் கிணத்துக்கடவு தாண்டி, பஸ் போகாத ஒரு தென்னந்தோப்பில் மாப்பிள்ளை அமைந்தது. நகையோடு காரும் சீராகக் கொடுப்பது என்று பேச்சு. புக் செய்தால் வர நாளாகும் என்று அப்பா அவசரப்பட, வெள்ளை மாருதி ஒன்று கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே வந்து வாசலில் நின்றுவிட்டது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

தினமும் அதைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தை, ஒருநாள் தான் ஓட்டப் பழகப்போவதாகச் சொன்னாள்.

"மாப்ள ஓட்டுவாரு அம்மணி, உனக்கெதுக்கு?" என்றார் அப்பா.

"காரு எனக்குக் குடுக்கறீங்களா அண்ணா, அவருக்கா?"

அப்பா மறுநாள் பவுண்டரிக்குப் போகிற வழியில் டிரைவிங் ஸ்கூலில் அவள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். நிச்சயமான பெண் வேற்று ஆணோடு தனியாகக் காரில் போகக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னார். அந்த ஆள் நான். ஒன்பது வயதுக் காவல்காரி, பாதி நாள் தூங்கி வழிந்துகொண்டே காவல் காத்தேன்.

முதல் வாரம் ஸ்கூல் வண்டி ஓடியதைவிட அணைந்ததுதான் அதிகம். அத்தை கிளட்சிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதித்து நின்றுவிடும். என் நெற்றி முன்சீட்டில் போய் இடிக்கும். "கியரை அடிக்காதீங்க அம்மணி, தள்ளுனாப் போதுமுங்க" என்று கெஞ்சுவார் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர். கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று பாதத்துக்குத் தெரிய வேண்டுமென்று அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்ட ஆரம்பித்தாள். அதன் பிறகு வண்டி அவள் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஒருநாள் ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி அணைந்துபோனது. பின்னால் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. வண்டி மெல்லப் பின்னால் நகர, மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கில் காலை வைத்தார். "நீங்க காலை எடுங்க, நான் பாத்துக்கறேனுங்க" என்றாள் அத்தை. கைபிரேக்கை இழுத்தாள், சாவியைத் திருப்பினாள், கிளட்சைப் பாதி விட்டாள். வண்டி ஒரு நடுக்கம் நடுங்கி ஏறியது. அன்றைக்குப் பாலத்து உச்சியில் அவள் சிரித்த மாதிரி அவள் சிரித்து நான் பிறகு பார்த்ததில்லை.

"இனி யாரும் எனக்குத் துணைக்கு வேண்டாங் கண்ணு. ஞாயித்துக்கெழமையானா நானே ஓட்டிட்டு உன்னையப் பாக்க வாரேன்" என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். கோயிலுக்குக்கூடத் தனியாகப் போக விடாத வீடு எங்களுடையது. அவளுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்பது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் மனதில் நின்றது.

லைசென்சும் வந்தது. மாருதியை எங்கள் முட்டுச்சந்திலிருந்து ரிவர்ஸில் ரோட்டுக்கு எடுக்கவும் பழகிவிட்டாள். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் எதிர்வீட்டுச் சுவர், நடுவே ஒரே மூச்சில் போவாள். "போன ஒடனே அங்க சொல்லிப் போடாத அம்மணி, மெதுவாச் சொல்லிக்கலாம்" என்று அப்பா அவளிடம் சொன்னார். அவள் லைசென்சை அம்மாவின் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். கல்யாணத்தன்று தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சாவியை வைத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார்கள்.

ஞாயிறுகள் வந்தன, அத்தை வரவில்லை. ஒவ்வொரு வாரமும் கேட்டில் ஏறி நின்று பார்த்துவிட்டு அழுதேன். ஆடி நோம்பி விருந்துக்குத்தான் வந்தாள். நான் ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவுக்கு ஓடினேன். அங்கிருந்து மாமா இறங்கினார்.

விருந்து முடிந்து கிளம்பும்போது சந்தே கூடி நின்றது. மாமாவின் கை டிராக்டருக்குப் பழகிய கை. ரிவர்ஸில் எடுத்தால் பின்சக்கரம் சாக்கடை ஓரம் போனது, முன்னால் வந்தால் சுவர் இடித்தது. நாலு தடவை வண்டி அணைந்தது. ஆளாளுக்கு வழி சொல்ல, அவர் காது சிவந்துபோனது. பக்கத்தில் அத்தை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டிருந்த அவளுடைய இடது கால் மட்டும், அவர் கியர் மாற்றும்போதெல்லாம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தைகிட்டக் குடுங்க மாமா, ஒரே ரிவர்ஸ்ல எடுத்துருவாங்க!"

எதிர்வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். மாமா அத்தையின் பக்கம் திரும்பி, "உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க. கொழந்த என்னமோ ஒளறுது" என்றாள் அத்தை.

அவள் பொய் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே ஓடி, சேலைகளைக் கலைத்து, லைசென்சை எடுத்துவந்து ஜன்னல் வழியாக மாமாவிடம் நீட்டினேன். அவர் அந்தச் சின்னப் புத்தகத்தைத் திறந்து போட்டோவைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். பிறகு மூடித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நல்ல புள்ள" என்று என் கன்னத்தில் தட்டினார். வண்டி எப்படியோ தட்டுத் தடுமாறி ரோட்டுக்குப் போனது. அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏங் கண்ணு இப்பிடிச் செஞ்சுபோட்ட?" என்றாள் அம்மா. அப்பா உள்ளே போய்விட்டார். எனக்கு அவர்கள் மேல் கோபமாக வந்தது. அத்தை கூச்சப்பட்டுச் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிட்டேன், லைசென்சும் மாமாவிடமே போய்விட்டது, இனி சாவியைக் கொடுக்க அவருக்கு என்ன தடை?

அடுத்த ஞாயிறு எழுந்ததும் தலைக்குக் குளித்து, நல்ல பாவாடையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு கேட்டில் ஏறி நின்றேன். வாராவாரம் ஏமாந்து அழுதவள், அன்றைக்கு அழவில்லை. ரோட்டில் போன வெள்ளைக் கார் ஒவ்வொன்றிலும் ஓட்டுகிறவர் முகத்தைத்தான் பார்த்தேன். அத்தை எப்படியும் வந்துவிடுவாள், வந்ததும் எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.