மூடி மட்டும் தலைகீழ்

என் வீட்டுக்காரரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல் என்றால் முதலில் நாற்பது குறைதான் வாயில் வரும். நான் பஸ் கண்டக்டர். என் வாய் அப்படி. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் குறை என்னுடையது. அதனால் ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டு வருஷம் ஒரு சோப்பு ஆலையில் பெட்டி மடித்தவர் அவர். தட்டையாக வரும் அட்டையைத் தட்டி, மடித்து, சோப்பை உள்ளே போட்டு மூட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பெட்டி. பிறகு அந்த வேலைக்கு இயந்திரம் வந்தது, இவர் வீட்டுக்கு வந்தார். நாற்பத்து மூன்று வயது மனுஷன் நாள் முழுக்க சும்மா இருந்தால் வீடு என்னத்துக்கு ஆகும்? சமையலறை டப்பாக்களை எல்லாம் உயர வரிசையில் அடுக்கி வைத்தார். வேலை முடிந்து வந்து உப்பைத் தேடியே எனக்கு உயிர் போனது.

எங்கள் மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். இருபத்து நாலு வயது, விளம்பரம், லேபிள், பெட்டி என்று கம்ப்யூட்டரில் டிசைன் செய்து பிழைப்பவள். தலைமுடியைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் சுருட்டை. அவள் வெளியே போயிருந்தபோது அவளுக்கு வந்த ஒரு மாதிரிப் பெட்டியை நாங்கள் வாங்கி வைத்திருந்தோம். அவள் கேட்டு வந்தபோது இவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மூலை கிழியும்மா" என்றார். அவள் சிரித்தாள். நாலாம் நாள் மூச்சிரைக்க இறங்கி வந்தாள்.

"அண்ணா, அதே மூலைதான் கிழிஞ்சுது! உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கை சொல்லுச்சு."

"அந்தக் கையோட நாளைக்கு மேல வாங்க. டிசைன் சொல்லித் தரேன்."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். இவர் மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மாடி ஏறிவிட்டார்!

மவுஸைப் பிடித்த பிடியில், அதற்கு உயிர் இருந்திருந்தால் போயிருக்கும். முதல் மாதம் எங்கள் கட்டடத்துக்கு ஒரு அறிவிப்பு செய்தார்: தொட்டி கழுவுவதால் நாளை தண்ணீர் வராது. ஏழு வண்ணம், எட்டு வகை எழுத்து. சுருட்டை அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, தண்ணி வராதுன்னு சொல்றோமா, சர்க்கஸ் வருதுன்னு சொல்றோமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சட்டம் போட்டாள்: எழுத்து இரண்டு வகை, வண்ணம் மூன்று, சுற்றிலும் வெறும் இடம். சின்னப் பெண்ணிடம் திட்டு வாங்க இவருக்குத் துளி வெட்கம் இல்லை. வாங்கின திட்டையெல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். ஒரு நாள் என் பஸ்ஸில் ஏறியவர், வழித்தடப் பலகையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"எழுத்துக்கு மூச்சு விட இடமில்ல பாரு."

"இங்க பயணிங்களுக்கே இல்ல, எழுத்துக்கு வேறயா? உள்ள நகருங்க!"

பஸ்ஸே சிரித்தது. ஆனால் என் ஒரு சம்பளத்திலேயே எட்டு மாதம் ஓடியதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என் அண்ணனிடம் சொல்லி, அவன் வேலை செய்யும் கிடங்கில் ராத்திரிக் காவலுக்கு ஒரு இடம் பிடித்து வைத்தேன். அதே வாரம் ஒரு அட்டைப்பெட்டி அச்சகத்தில் டிசைனர் தேவை என்று சுருட்டை செய்தி கொண்டுவந்தாள். பீங்கான் கோப்பை ஒன்று வைக்கும் பெட்டியை டிசைன் செய்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்து ஆள் எடுப்பார்கள்.

"இது ஒண்ணுதான். ஆகலைன்னா திங்கக்கிழமை ராத்திரியே காவலுக்குப் போயிடணும்" என்றேன். இவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் பாவமாக இருந்திருக்கும். எனக்கும் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிறு சாயங்காலம் சுருட்டையின் கம்ப்யூட்டரில் வேலையை முடித்துவிட்டுக் கீழே வந்தார். அவள் கடைசியாக ஒரு முறை சரிபார்த்து அனுப்பிவிட்டாள்.

திங்கள் காலை மூவரும் அச்சகத்துக்குப் போனோம். நான் லீவு போட்டிருந்தேன். மேஜையில், வந்த டிசைன்களை அச்சடித்து மடித்த இரண்டு மாதிரிப் பெட்டிகள். ஒன்று வேறு யாரோ செய்தது, இன்னொன்று எங்களுடையது. நீலத்தில் ஒரு கோப்பை, அதிலிருந்து ஒரே ஒரு கோடாக ஆவி. அடேயப்பா, எங்கள் வீட்டு மனுஷனா செய்தார் என்றிருந்தது. முதலாளியம்மா அதைக் கையில் எடுத்து, மேலே பார்த்து, புருவத்தைச் சுருக்கினார்.

"மூடியில எழுத்து ஏன் தலைகீழா இருக்கு?"

இவர் எட்டிப் பார்த்தார். பார்த்ததுமே புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. சுருட்டையின் முகத்தில் ரத்தமே இல்லை.

"தப்புதான் மேடம். பத்து நிமிஷம் கொடுத்தீங்கன்னா சரி பண்ணிடுறோம்" என்றார் இவர்.

"இல்ல மேடம்," என்று சுருட்டை முன்னால் வந்தாள். "அண்ணன் சரியாத்தான் வச்சிருந்தார். மூடி மட்டும் தலைகீழா இருக்கேன்னு நான்தான் அனுப்பும்போது திருப்பிட்டேன். தப்பு என்னோடது."

முதலாளியம்மா இவரிடம் ஒரு வெள்ளை அட்டையைத் தள்ளினார். "எப்படி இருக்கணும்? காட்டுங்க."

இவர் உட்காரக்கூட இல்லை. அளவுகோல் இல்லாமல் மடித்தார். கத்தரியால் நாலு வெட்டு. கண் மூடித் திறப்பதற்குள் பெட்டி நின்றது. மூடியின் மேல் பேனாவால் 'கோப்பை' என்று நேராக எழுதினார். பிறகு பிரித்து மேஜையில் தட்டையாக விரித்தார். மற்றதெல்லாம் நேராக இருக்க, மூடியின் எழுத்து தலைகீழாகக் கிடந்தது. மூடி பின்பக்கத்திலிருந்து முன்னால் கவிழ்கிறது, அதனால் தட்டையில் தலைகீழாக இருந்தால்தான் மூடியதும் நேராக வரும். எனக்கே புரிந்தது.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க? வேலை போயிருக்குமே?"

"மத்த அஞ்சு பக்கமும் இவங்க சொல்லிக் கொடுத்தது மேடம்," என்றார். "ஒரு பக்கத்துக்காக இவங்க தப்புன்னு எப்படிச் சொல்றது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதலாளியம்மா எங்கள் பெட்டியையும் அந்த வெள்ளை அட்டையையும் மறுபடி பார்த்தார். "வரைஞ்சதும் நல்லாத்தான் இருக்கு. இதே மாதிரித் தப்பால, அச்சடிச்ச அப்புறம் அஞ்சாயிரம் பெட்டிய நாங்க குப்பையில கொட்டியிருக்கோம். வியாழக்கிழமை வேலைக்கு வந்துடுங்க."

வாசலுக்கு வந்ததும் சுருட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, இன்னைக்கு இன்னொரு பெட்டி அனுப்பணும். ஒரு தடவை மடிச்சுப் பார்த்துட்டு சொல்றீங்களா?" என்று கேட்டாள். "கொண்டா, பார்ப்போம்" என்றார் இவர், பெரிய மனுஷன் மாதிரி!

நான் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணே, உன் மாப்பிள்ளை காவலுக்கு வர மாட்டார். வேற ஆளைப் பாரு. அவர் டிசைனர்."

தெருவே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தம்.

"என்ன விளையாடறியா?" என்று அண்ணன் எகிறினான். "வேலை வேணும், வேலை வேணும்னு உயிரை எடுத்தது நீதானே?"

"ஆமா, நான்தான். தப்பு என்னோடது" என்றேன்.

பதினாறு வருஷக் கண்டக்டர் உத்தியோகத்தில் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதே இல்லை. இவர் பக்கத்தில் நின்று, காதில் விழுந்ததை நம்பாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.