பாவமே இல்லாத சித்தப்பா

கார்கில் சண்டை முடிந்து சித்தப்பா லீவில் வந்தபோது எங்கள் குப்பத்தில் நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டிய குப்பம் அது. அங்கிருந்து பட்டாளத்துக்குப் போனவர் என் அப்பாவின் தம்பி ஒருவர்தான். பட்டாசு, மேளம், கட்அவுட் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கட்அவுட்டில் அவருக்கு யாரோ பெரிய மீசை வேறு வரைந்திருந்தார்கள். சித்தப்பாவுக்கு மீசையே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவருக்குச் சால்வை போடுவது, முதல் ஆளாக அவருக்குத்தான் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுப்பது என்று மாதா கோயில் கமிட்டி முடிவு செய்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சித்தப்பாவுக்குப் பார்த்து வைத்திருந்த பெண்ணின் வீட்டாரையும் பூசைக்கு வரச் சொல்லிவிட்டாள்.

நன்மை வாங்குவதென்றால் முதல் நாளே சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்தை முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சனிக்கிழமை மத்தியானமே சித்தப்பா என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார். மரத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சாமியாரிடம் முதலில் நான் போனேன். பால் பவுடரைத் திருடித் தின்றதற்கு அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அடுத்துப் போன சித்தப்பா, போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"உனக்கு இன்னா அபராதம் சித்தப்பா?"

"ஒண்ணும் இல்ல கண்ணு. அங்க ஒருத்தன சுட்டத சொன்னேன். அது பாவமே இல்லியாம், கடமையாம். மன்னிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல போன்னுட்டாரு."

எனக்குப் பொறாமையாக இருந்தது. பால் பவுடருக்கே மூன்று மந்திரம்; இந்த மனுஷன் ஓர் ஆளைச் சுட்டுவிட்டு வந்து ஒன்றுமே இல்லாமல் தப்பித்துக்கொண்டாரே! இப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டத்துக்கு அவர் மூஞ்சி ஏன் தொங்குகிறது என்றுதான் விளங்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பாமல் பஸ் ஏறி அடையாறு பக்கம் இன்னொரு கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கேயும் அதே பதில்தான். அந்தச் சாமியார் ஜெபமாலை ஒன்றைப் பரிசாக வேறு கொடுத்தனுப்பினார். அங்கிருந்து திருவான்மியூர் பஸ். மூன்றாவது சாமியார் வாசல் வரைக்கும் கூடவே வந்து, "நீங்கள்லாம் அங்க நிக்கலன்னா நாங்க இங்க நிம்மதியா பூசை வைக்க முடியுமா தம்பி?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். சித்தப்பா கையை உருவிக்கொண்டார். ஒவ்வொரு கோயிலுக்கும் எனக்கு ஒரு குச்சி ஐஸ் கிடைத்ததில், நான்காவதாக ஒரு கோயில் இருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருந்தது.

மறுநாள் சால்வை விழுந்தது. பிரசங்கம் முழுக்கச் சித்தப்பாவின் வீரம்தான். அன்றைக்கு வாசித்த நற்செய்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்ததும் கோயிலே திரும்பி அவரைக் கும்பிட்டது. பிறகு சாமியார் அப்பத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அவருக்காகக் காத்து நின்றார். முழங்காலில் இருந்த சித்தப்பா எழுந்திருக்கவே இல்லை.

"போ தம்பி, எல்லாரும் பாக்கறாங்க" என்று அம்மா பல்லைக் கடித்தாள்.

"என்னால முடியாது அண்ணி."

பின்வரிசையில் ஆரம்பித்துவிட்டார்கள். "நன்மை வாங்கலன்னா இன்னா அர்த்தம்? அங்க எவளையாச்சும் சேத்துக்கினு கீறானோ இன்னாவோ!" பெண்ணின் அம்மா காதிலும் அது விழுந்தது. கடைசி ஆசீருக்குக்கூட நிற்காமல் மகளை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பெஞ்சு மேல் ஏறி நின்று, "எங்க சித்தப்பாவுக்குப் பாவமே கெடையாது! மூணு சாமியாருங்க சொல்லிட்டாங்க!" என்று கத்தினேன். சிலர் சிரித்தார்கள். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை.

வீட்டில் ஒரே ரகளை. "சண்டைக்குப் போனவன் சுடாம பூவா போடுவான்? குப்பத்து மானத்தையே வாங்கிட்டியேடா!" என்று அப்பா குதித்தார். சித்தப்பா சோற்றைத் தொடாமல் எழுந்து கடற்கரைக்குப் போய்ப் படகு நிழலில் உட்கார்ந்துவிட்டார். அவரைச் சாப்பிடக் கூப்பிட என்னை அனுப்பினார்கள்.

"சுட்டதுகூட போவட்டும் கண்ணு" என்றார், நான் ஒன்றும் கேட்காமலேயே. "அதுக்கப்புறமும் அவன் ரொம்ப நேரம் உசுரோட இருந்தான். தண்ணி தண்ணின்னு கேட்டுக்கினே கெடந்தான். சின்னப் பையன். என் இடுப்புல பாட்டில் இருந்துச்சு. சண்ட ஓஞ்சிருச்சு, போய்க் குடுத்திருக்கலாம். குடுக்கல. சாமியாருங்க மூணு பேரும் இத சொல்லவே உடல." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஞாயித்துக்கெழம மறைக்கல்வி படிக்கறியே. நீயாச்சும் சொல்லு. பாவம்தானே அது?"

அவ்வளவு பெரிய மனுஷன் பதினோரு வயதுக் குட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பகைவருக்கு அன்பு காட்டும் பாடத்தில் வகுப்பிலேயே எனக்குத்தான் முழு மார்க்.

"போ சித்தப்பா! எதிரிக்குப் போய் யாராச்சும் தண்ணி குடுப்பாங்களா? நீ செஞ்சதுதான் கரெக்ட்டு" என்றேன். அவரைத் தேற்றிவிட்ட பெருமையோடு, சாப்பிட வா என்று கையைப் பிடித்து இழுத்தேன். பாவம்தான் என்று ஒருவராவது ஒத்துக்கொண்டால்தான் மன்னிப்பு என்று ஒன்று அவருக்குக் கிடைக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சித்தப்பா மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து, போட்டதைச் சாப்பிட்டார். லீவு முடிவதற்குள்ளேயே கிளம்பிப் போனவர், அதன் பிறகு எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை.