திரும்பிப் பார்க்கிறவன்

பந்து விளையாடுகிறவனைக் கட்டிக்கொண்டவள் என்று தென்காசியில் சனோபருக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அந்த ஆட்டத்தில் தன் புருஷன் என்னதான் செய்கிறான் என்பது, கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் அவளுக்குப் பிடிபடவில்லை.

ரிஃபாத் கால்பந்தில் தடுப்பாட்டக்காரன். தன் அணியின் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று எதிரணிக்காரனை மறிக்கிற ஆள். பள்ளிக்கூடத்தில் அவனும் கோல் போடுகிற ஆசையோடுதான் தொடங்கினான். ஒருநாள் ஆள் குறைந்ததென்று வாத்தியார் அவனைப் பின்னால் நிறுத்த, நின்றவன் நின்றவன்தான். செங்கோட்டை தாண்டிப் போய், அணிக்கு ஏழு பேராக ஆடுகிற மலையாளத்து செவன்ஸ் மைதானங்களில் கூலிக்கு ஆடினான். பிறகு கல்கத்தாவில் சில வருஷம், கோவாவில் கொஞ்ச காலம், இப்போது கோழிக்கோட்டில் ஒரு கிளப். இத்தனை ஊர் சுற்றியும் அவன் போட்ட கோல்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதிலும் ஒன்று தவறிப்போய்த் தன் கோலுக்குள்ளேயே போட்டது.

டிவியில் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். கேமரா பந்துக்குப் பின்னாலேயே ஓடும். கோல் விழுந்த பிறகுதான் இடுப்பில் கைவைத்து நிற்கிற ரிஃபாத்தைக் காட்டும்.

"எம்புள்ள மூஞ்சி தெரிஞ்சாலே கோல் விழுந்துட்டுன்னு அர்த்தம்லா," என்று மாமியார் ராபியா டிவியை அணைத்துவிடுவாள். தெருவிலும் இதே கேலிதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

வீட்டில் அவன் ஊமைச்சாமி. குழம்பில் உப்பு இல்லாவிட்டால்கூட வாய் திறக்க மாட்டான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். குற்றாலத்துக்குப் போனால் அவன் செய்கிற ஒரு காரியத்தைத்தான் சனோபரால் பொறுக்க முடியவில்லை. சீசன் சாரலில் கடைவீதி வழியே நடக்கும்போது அவளுக்கு அரையடி பின்னால் வருவான். நாலு எட்டுக்கு ஒருதரம் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பான். அருவிக்கரைக் கூட்டத்தில் பின்னால் யார் வருவார்கள்? தலையில் துண்டும் ஈர உடுப்புமாகப் பெண்கள் வருவார்கள்.

"யாரத் திரும்பித் திரும்பிப் பாக்குதிய?"

"ஒண்ணுமில்ல, நட."

அந்த 'ஒண்ணுமில்ல' அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

இந்த நிலையில்தான் சவூதியில் தம்மாமிலிருந்து அவள் அண்ணன் அல்தாப் போன் செய்தான். பெரிய துணிக்கடையில் ரிஃபாத்துக்கு சூப்பர்வைசர் வேலை, விசா தயார், மாதம் முடிவதற்குள் பதில் வேண்டும். கிளப்போ இன்னும் ஒரு வருஷம் ஆடச் சொல்கிறது. ரிஃபாத்துக்கு வயது முப்பத்துமூன்று. வலது முழங்கால் படியேறும்போது மக்கர் செய்கிறது. அவன் வழக்கம்போல ஒரே வரியில் முடித்துவிட்டான்.

"நீ சொல்லுதபடி செய்யுதேன்."

சனோபருக்கு ஆத்திரமாக வந்தது. என்னவென்றே தெரியாத ஒன்றை நிறுத்து என்று எப்படிச் சொல்வது? நடத்து என்றுதான் எப்படிச் சொல்வது? நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று ரயிலேறினாள். மலையைத் தாண்டி, கொல்லத்தில் வண்டி மாறி, கோழிக்கோடு மைதானத்தில் போய் உட்கார்ந்தாள். டிவி செய்கிற தப்பைத் தான் செய்யக் கூடாது, பந்து எக்கேடு கெட்டாலும் இவனை மட்டும்தான் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டாள்.

ஆட்டம் தொடங்கியதுமே திகைத்துப் போனாள். ஊமைச்சாமி கத்திக்கொண்டிருந்தான்! தமிழும் மலையாளமும் கலந்து, மூச்சுவிடாமல். கையை நீட்டி ஒருவனை இடப்பக்கம் போகச் சொன்னான், இன்னொருவனைப் பின்னால் இழுத்தான். புளியங்குடி எலுமிச்சை ஏலத்தில்கூட அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லை.

பிறகு அந்தக் கழுத்தைக் கண்டாள். பந்து எங்கோ தூரத்தில் கிடந்தது. மைதானமே அதைப் பார்த்துக்கொண்டிருக்க, ரிஃபாத் மட்டும் திரும்பிப் பின்னால் பார்த்தான். இரண்டு எட்டு நகர்ந்தான். மறுபடியும் திரும்பினான். அவன் முதுகுக்குப் பின்னால் எதிரணியின் ஒல்லியான ஒருவன் பூனை மாதிரி நழுவிக்கொண்டிருப்பது அப்போதுதான் சனோபருக்குத் தெரிந்தது. பந்து உயரப் பறந்து அந்த ஒல்லியை நோக்கி வந்தது. அங்கே ரிஃபாத் முன்பே வந்து நின்றிருந்தான். தலையால் முட்டி வெளியே தள்ளினான். ஒருத்தரும் கைதட்டவில்லை. சனோபர் மட்டும் தன்னையறியாமல் எழுந்து நின்றாள்.

கடைசிவரை இரண்டு பக்கமும் கோல் இல்லை.

"சே, ஒன்னும் நடந்நில்ல," என்று பக்கத்து இருக்கைக்காரர் சலித்துக்கொண்டார்.

"ஒண்ணும் நடக்காமப் பாத்துக்கிட்டதே எங்க வீட்டுக்காரருதான்," என்றாள் சனோபர். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்த ரிஃபாத் மறுபடியும் ஊமையாகியிருந்தான். அவள் விடவில்லை.

"ஆட்டத்துல யாரத் திரும்பித் திரும்பிப் பாத்திய?"

"எல்லாரும் பந்தப் பாத்தா, பின்னால வாரவன யாரு பாக்க? அதாம்லா என் வேல."

"குற்றாலத்துலயும் அந்த வேலதானா?"

அவன் விழித்தான். "சீசன்ல வேனெல்லாம் என்ன வேகத்துல வருது! நீ பாட்டுக்குக் கடைகளப் பாத்துக்கிட்டே நடக்க."

சனோபர் முகத்தைத் திருப்பித் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். எத்தனை வருஷம் இந்த மனுஷனைச் சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அங்கேயே நின்று அல்தாப்புக்குப் போன் போட்டாள். "விசாவ வேற யாருக்காவது குடுத்துருண்ணே. இவுக இன்னும் ஒரு வருசம் ஆடட்டும்."

ரிஃபாத் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சிரித்தான்.

மைதானம் காலியாகி, வண்டிகள் ஹாரன் அடித்தபடி சாலையில் முண்டிக்கொண்டிருந்தன. அவன் வலது காலை லேசாக இழுத்தபடி முன்னால் நடந்தான். சனோபர் அரையடி பின்னால் வந்தாள். நாலு எட்டு வைத்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"யாரப் பாக்குத?" என்றான் ரிஃபாத்.

"ஒண்ணுமில்ல, நடங்க."