ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

அமுதவல்லிக்கு 1998 வைகாசியில் கல்யாணமானது. அதற்குப் பிறகு முத்தியால்பேட்டை வீட்டில் கெட்டுப்போனவை எல்லாம் அவள் பெயரில்தான் கெட்டன. 2004இல் அடுப்பு அணையாமல் எரிந்து பாத்திரம் உருகியது, 2011இல் ரேஷன் கார்டு தொலைந்தது. இரண்டும் கணவர் சக்கரபாணியின் கைவரிசை. இரண்டு முறையும் அவர், "இவதான், வேற யாரு" என்றார். அவள் மறுத்ததில்லை. மறுத்தால் மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

சக்கரபாணி மில்லில் இருபத்தோரு வருடம் தறி ஃபிட்டர். மில் மூடிய பின் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் அதே வேலை. 2023 மார்ச்சில் லாரி இடித்து வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்தது. புண் சீழ் பிடித்ததால் ஐந்து சென்டிமீட்டர் எலும்பை எடுத்துவிட்டார்கள். கம்பெனியில் பொங்கல் வரை இடம் வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

செப்டம்பர் 11ஆம் தேதி டாக்டர் மதிவாணன் காலைச் சுற்றி மூன்று இரும்பு வளையங்கள் மாட்டினார். மேலே நல்ல எலும்பை வெட்டி, வெட்டிய துண்டை நடு வளையத்தோடு சேர்த்து மெல்லக் கீழே இறக்கி, பள்ளத்தை மூட வேண்டும். துண்டு நகர நகர, பின்னால் விடும் இடைவெளியில் புது எலும்பு வளரும். நான்கு நட்டுகள். ஒவ்வொன்றையும் நாளைக்கு நாலு தடவை கால்வாசிச் சுற்று; நாலும் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்.

"ஏன் டாக்டர் இவ்ளோ மெதுவா?" என்று கேட்டார் சக்கரபாணி.

"எலும்ப இழுக்கறப்ப நடுவுல இருக்கற சதையும் இழுபடும். அந்த இழுப்புதான் ரத்தக்குழாய மொளைக்க வெக்குது. ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்னா அதுங்க கூடவே வளந்துக்கினு வரும். அதுக்கு மேல இழுத்தா அறுந்து போவும். ரத்தம் போவாத எடத்துல எலும்பு எப்படி வரும்?" டாக்டர் அமுதவல்லியிடம் ஸ்பானரைக் கொடுத்தார். "நீங்க சுத்துங்கம்மா. இவரு தொடக் கூடாது. நோயாளி தானே நோண்டுனா நான் வளையத்தக் கழட்டிடுவேன். அப்புறம் கால எடுக்கறதுதான்."

ஒரு வாரம் ஆறவிட்டு, செப்டம்பர் 18 முதல் சுற்றத் தொடங்கினாள். காலை ஆறு, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு ஒன்பது. ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு கோடு. எட்டு மணிக்கு அவள் கிளோதின் மதாம் வீட்டுக்கு வேலைக்குப் போவாள். ஒன்றரைக்குத் திரும்புவாள். ஸ்பானரை மடியிலேயே கொண்டுபோனாள்.

அக்டோபர் 9ஆம் தேதி நோட்டில் எண்பத்து நான்கு கோடுகள், அதாவது இருபத்தொரு மில்லிமீட்டர். எக்ஸ்ரேயில் முப்பத்தெட்டு. இடைவெளி கறுப்பாக, வெறுமையாக இருந்தது. ஒரு வெள்ளைத் துகள்கூட இல்லை.

டாக்டர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "யாரு சுத்துனது?"

சக்கரபாணி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். "அவதான் டாக்டர்."

அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. வாயைத் திறந்தால் வளையம் கழன்றுவிடும். வளையம் போனால் காலும் போய்விடும்.

"நான்தான்," என்றாள்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனேம்மா! அவசரப்பட்டு அவரு காலையே வாங்கப் பாத்தீங்களே! இனிமே பின்னாடி சுத்தி மேல ஏத்தணும், பத்து நாள் நிறுத்தணும், மறுபடி மொதல்லேர்ந்து. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா என்கிட்ட வராதீங்க."

வெளியே காத்திருந்த பத்துப் பதினைந்து பேருக்கும் அது கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் பாயைத் தூக்கினாள். அடியில், எண்ணெய் பூசித் துடைத்த அவருடைய பத்தாம் நம்பர் ஸ்பானர் இருந்தது.

"எத்தினி நாளா?"

"நீ வேலைக்கிப் போற நாளெல்லாம்," என்றார். "பொங்கலுக்குள்ள போவலன்னா எடம் போயிடும்டி. எனக்குத் தெரியாத நட்டா? இருபத்தோரு வருசம் தறியில கை வெச்சவன்."

"தறியில ரத்தம் ஓடாதுய்யா."

"டாக்டர்கிட்ட நீ ஒத்துக்கினதும் நல்லதுதான். பொம்பளன்னா ரெண்டு வார்த்தையோட வுட்டுட்டாரு பாரு."

மறுநாள் காலை அவள் அவருடைய கருவிப் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு போனாள்.

"அடியே, இன்னாது? குண்டு வெச்சிருக்கியா?" என்றார் கிளோதின்.

"ஸ்பானரு மதாம். எங்க வூட்டுக்காரருக்கு எட்டாத எடத்துல இருக்கணும்."

"அப்ப புருசன இங்க வுட்டுட்டுப் பொட்டிய வூட்டுலயே வெச்சிருக்கலாமே."

"அவரு இதவிட கனம் மதாம்."

நான்கு நட்டின் மேலும் அவள் நகப்பூச்சால் கோடு போட்டாள். வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை பார்த்தாள். பதினேழு நாள் பின்னோக்கிச் சுற்றினாள். பத்து நாள் நிறுத்தினாள். நவம்பர் 6 முதல், டாக்டர் சொன்னபடி, நாளைக்கு மூன்று தடவை மட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர், "பாத்து, பாத்து. மறுபடியும் கெடுத்துடாத" என்றார். முதல் வாரம் அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். நாள் போகப் போக அவர் அதை உண்மையாகவே நம்பினார். நலம் விசாரிக்க வந்தவர்களிடம், இவள் கெடுத்த கதையைத் தேதியோடு சொன்னார். பொங்கல் வரை காத்திராமல் கம்பெனியில் வேறு ஆளை எடுத்த செய்தி டிசம்பர் இரண்டாம் தேதி வந்தது. அதற்கும் காரணம் அவள்தான்.

டிசம்பர் 15ஆம் தேதி எக்ஸ்ரே. நூற்றுப் பதினேழு கோடுகள். கறுப்பாக இருந்த இடத்தில் வெண்மேகம் போல ஒன்று படர்ந்திருந்தது. டாக்டர் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"ரத்தம் போயிருக்கு. எலும்பு வருது. இந்தத் தடவ ஒழுங்கா செஞ்சிருக்கீங்கம்மா."

"பக்கத்துலயே ஒக்காந்து ஒவ்வொரு சுத்தும் எண்ணி எண்ணி சொல்லிக் குடுத்தேன் டாக்டர்," என்றார் சக்கரபாணி. "அவளுக்குக் கணக்கு வராது."

டாக்டர் அவர் தோளில் தட்டினார். "ஒங்க பொறுமைதான் காலக் காப்பாத்திச்சு."

அமுதவல்லி சக்கர நாற்காலியை எடுத்துவரப் போனாள். அது தாழ்வாரத்தின் கோடியில் காலியாக நின்றது. அவள் அதில் உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து, "அமுதா," என்று சக்கரபாணி கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது முறை குரலில் கோபம் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.