குருவி மறுபடி பிரித்த வரிகள்

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவளை எல்லோரும் 'லாக் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்குள்ள ஒவ்வொரு கணினியும் தான் செய்ததையெல்லாம் வரி வரியாக எழுதிவைக்கும்: எத்தனை மணிக்கு, எந்த இயந்திரம், என்ன நடந்தது. அதுதான் லாக். ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு வார்டுக்கு வந்து சேரவில்லையென்றால், கோடிக்கணக்கான அந்த வரிகளுக்குள் தேடி, எங்கே சிக்கிக்கொண்டது என்று சொல்வது அவள் வேலை. தேடும் கருவியை எழுதிய இருவரில் அவள் ஒருத்தி. இன்னொருத்தி குருவி.

மெலிந்த உடம்பு, ஓயாத பேச்சு. அதனால் அந்தப் பெயர். இருவருக்கும் ஒரே மேசை. ஒருத்தி தட்டச்சு செய்ய, மற்றவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிழைகளை விரலால் தொட்டுக் காட்டுவாள். திரை முழுக்க விரல் ரேகை.

கருவி பாதி முடிந்திருந்தபோது ஒருநாள் சர்வர் நின்றுபோய் மருத்துவமனையே திண்டாடியது. கூட்டத்தில் மேலாளர், "யார் செஞ்சது?" என்று கேட்டார். குருவி வாய் திறப்பதற்குள் இவள் அவளைக் கைகாட்டிவிட்டாள். சொன்னது உண்மைதான். ஆனால் அவளே சொல்லட்டும் என்று ஒரு நிமிடம் பொறுத்திருக்கலாம். அன்றோடு பேச்சு நின்றது. மீதிக் கருவியை முகம் கொடுக்காமலே எழுதி முடித்தார்கள். மூன்றாம் மாதம் குருவி வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

ஆறு வருடம் ஓடிப்போனது. தேடல் ஆமை வேகத்தில் நகர்கிறது என்று புகார் வரத் தொடங்கியது. தலைமை நர்ஸ் நேரிலேயே வந்தார்.

"உங்க மெஷின் யோசிச்சு பதில் சொல்றதுக்குள்ள நான் லேபுக்கே நடந்து போய் கேட்டுட்டு வந்துடுறேன்மா."

லாக் அக்கா பழைய நிரலைத் திறந்தாள். அவள் எழுதிய பகுதி ஒவ்வொரு வரியையும் நேரம், இயந்திரம், செய்தி என்று பிரித்துக் கொடுக்கிறது. குருவியின் பகுதி அதைத் தொடவே இல்லை. மூல வரியை எடுத்து முதலிலிருந்து மறுபடி பிரிக்கிறது. ஒரே வேலை, கோடி வரிக்கும் இரண்டு தடவை.

சுருக்கென்றது. என்னை அவ்வளவுக்கா நம்பவில்லை? சட்டென்று வெட்டி எறியவும் முடியாது. காரணம் இல்லாமல் செய்கிறவள் இல்லை குருவி. ஒன்றரை நாள் படித்தும் பிடிபடவில்லை. மதிய இடைவேளையில் மாடிப்படிக்கட்டில் உட்கார்ந்து, ஒருபோதும் அழிக்காமல் வைத்திருந்த எண்ணை அழைத்தாள்.

"நான்தான்டி."

"சொல்லு," என்றாள் குருவி.

"நான் பிரிச்சுக் குடுத்த வரிய நீ ஏன் மறுபடி பிரிச்ச? ஏதாச்சும் தப்பு இருந்துச்சா?"

"தப்பெல்லாம் இல்ல. நீ நேரத்த செகண்டோட நிறுத்திட்ட. ஒரே செகண்டுல நாலு வரி வந்தா எது முன்னாடி, எது பின்னாடின்னு எனக்குத் தெரியணும். மில்லிசெகண்ட் வேணும்."

"கேட்டிருந்தா சேத்துக் குடுத்திருப்பேனே."

"கேக்கணும்ல. உன்கிட்ட பேச வாய் வரல. நானே பிரிச்சுக்கிட்டேன்."

"அன்னைக்கு நான் பொறுத்திருக்கணும்."

"ஆமா," என்றாள் குருவி. பிறகு நிதானமாக, "இப்ப மீட்டிங் இருக்கு. ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன்."

தன் பகுதியில் மில்லிசெகண்டைச் சேர்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குருவியின் நூற்றுப்பத்து வரிகளை நீக்கத்தான் ஒரு பிற்பகல் முழுதும் பிடித்தது. அழிக்கும் முன் ஒவ்வொன்றையும் படித்தாள். குருவிக்கே உரிய குட்டிக் குட்டிப் பெயர்கள், அடைப்புக்குறிக்கு முன் விடும் அந்த ஒற்றை இடைவெளி. பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுத்தபோது திரும்பிப் பார்த்தாள். வேறு யாரோ. ஒரு வாரம் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டி, விடை ஒன்றுதான் என்று உறுதி செய்துகொண்டாள். நாற்பது நொடித் தேடல் பத்தொன்பதுக்கு இறங்கியிருந்தது.

குருவி சொன்ன ஞாயிற்றுக்கிழமை லாக் அக்கா கைப்பேசியை விட்டு நகரவில்லை. "அடைகாத்தது போதும், வந்து சாப்பிடு," என்றார் கணவர். அழைப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிறுதான் வந்தது. நான்கு நிமிடம் பேசினார்கள். பாதி வேலையைப் பற்றி, பாதி மழையைப் பற்றி. வைத்த பிறகுதான் கேட்க மறந்தவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. குருவியின் அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது, அந்த ஊர் ஆபீசில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள். மறுநாள் பஸ்ஸில் அவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினாள். இறங்கும் இடம் வரும்வரை எழுதிக்கொண்டே இருந்தாள்.